வளர்ச்சிக்கு ஒரு சாண்

அந்த வண்டிக்கு அடியில் உண்மையிலேயே அவ்வளவு வேலை இருந்ததா? வண்டி எங்கள் வீட்டுக்கு வந்து ஐந்து வருடம் ஆகிறது. இன்னமும் எனக்குப் பதில் தெரியவில்லை. என் கணவரிடமே கேட்டிருக்கலாம். கேட்டால் ஏதாவது ஒரு பதில் வந்துவிடும் என்பதால் கேட்காமல் இருக்கிறேன்.

எங்கள் ஊர் லெப்பைக்குடிக்காடு. இங்கே பாதி வீடுகளில் ஆண்கள் சபரில் இருப்பார்கள். சபர் என்றால் பயணம். வளைகுடா நாடுகளுக்குச் சம்பாதிக்கப் போவதை நாங்கள் அப்படித்தான் சொல்வோம். வருடக்கணக்கில் ஒரே அறையில் ஆறு பேரோடு படுத்துக் கிடப்பதற்குப் பயணம் என்று பெயர். என் கணவர் அங்கே ஒரு கம்பெனியில் சரக்கு வண்டி ஓட்டுகிறார். நான் நிறைமாதமாக இருந்தபோது போனவர், மகளுக்கு இரண்டு வயது ஆகப்போகிற சமயத்தில் முதல் லீவில் வந்தார்.

அவள் அவரிடம் போகவில்லை. வாசலில் அவரைக் கண்டதும் என் முந்தானையில் புதைத்த முகத்தை மறுநாளும் எடுக்கவில்லை. சாவி கொடுத்தால் கைதட்டும் பொம்மை ஒன்றைக் கொண்டுவந்திருந்தார். அவரோடு சேர்த்துப் பொம்மைக்கும் பயந்தாள். போட்டோவை இன்னும் அடிக்கடி காட்டியிருக்கலாமோ என்று அப்போது நினைத்தேன். காட்டியதே தப்போ என்றும் நினைத்தேன். போட்டோவில் இருந்தவருக்கு மீசை மட்டும்தான். வந்தவருக்குத் தாடியும் இருந்தது.

வந்த ஒரு வாரத்தில் அவர் திருச்சிக்குப் போய் ஒரு பழைய வண்டியை ஓட்டிக்கொண்டு வந்தார். ஜீப் என்றும் சொல்ல முடியாது, கார் என்றும் சொல்ல முடியாது. முன்பக்கம் பார்த்தால் கார், பின்பக்கம் போய் நின்றால் ஜீப். மாமிக்கு, அதாவது என் மாமியாருக்கு, அது பிடிக்கவில்லை. “இருக்கப்போறதே ஒண்ணரை மாசம். அவனுக்கு எதுக்கும்மா வண்டி?” என்று அவர் காதில் விழும்படி என்னிடம் கேட்டார்.

எனக்கும் அந்தக் கேள்வி இருந்தது. என் கணவர் மெதுவாகத்தான் காரணத்தைச் சொன்னார். அங்கே வியாழக்கிழமை மாலையானால் உயரமான வண்டிகள் வரிசையாகப் பாலைவனத்துக்குப் போகுமாம். பின்கதவைத் திறந்தால் அடுப்பு, தண்ணீர், பாய், தலையணை எல்லாம் அதனதன் இடத்தில் இருக்குமாம். பிள்ளைகள் வண்டிக்குள்ளேயே தூங்கிவிடுவார்களாம். அத்தாமார், அதாவது அப்பாக்கள், வெளியே உட்கார்ந்து டீ குடிப்பார்களாம். இவர் சரக்கு ஏற்றிக்கொண்டு அந்த வண்டிகளுக்குப் பக்கத்தில் போவார். நமக்கும் அப்படி ஒன்று, புது வண்டி வாங்க வழியில்லை, ஆனால் பழசை அப்படி ஆக்கிவிடலாம் என்றார். போகிற இடத்தையும் தீர்மானித்திருந்தார். அரும்பாவூரைத் தாண்டி, பச்சைமலை அடிவாரத்தில் ஓர் ஓடை. மாட்டுவண்டி மட்டும் போகிற கல் தடம். அங்கே ஒரு ராத்திரி, நாங்கள் மூன்று பேர்.

முதலில் அரியலூருக்குப் போனோம். அங்கே சுண்ணாம்புக்கல் லாரிகளுக்கு வேலை பார்க்கும் பட்டறைகள் நிறைய உண்டு. லாரிக்காரர்கள் கழற்றிப் போட்ட ஸ்பிரிங் பட்டை ஒன்றை வெட்டி, எங்கள் வண்டியின் பின்சக்கரத்துப் பட்டைகளோடு சேர்த்துக் கட்டினார்கள். வண்டி நாலு விரல் உயர்ந்தது. பழைய இரும்புக் கடையில், சிமெண்டு ஆலையில் கழித்த தடித்த ரப்பர் பெல்ட்டைத் துண்டாக வாங்கி, வண்டியின் தரைக்கு விரிப்பாகவும் சக்கரத்துக்குப் பின்னால் சேறு தடுப்பாகவும் வெட்டிக்கொண்டோம். திரும்பும்போது வண்டி கட்டைவண்டி போலக் குலுக்கியது. எனக்கு இடுப்பு விட்டுப்போனது. சாமான் ஏற்றினால் சரியாகிவிடும் என்றார்.

மீதி வேலைகளைத் தானே செய்வதாகச் சொல்லி, வீட்டுப் பக்கத்துக் காலி மனையில் வண்டியைக் கருங்கல் மேல் ஏற்றி நிறுத்தி, அடியில் புகுந்தார். இன்ஜினில் கல் அடிக்காமல் இருக்கத் தடித்த தகடு பொருத்த வேண்டும். துரு சுரண்டிப் பெயிண்ட் அடிக்க வேண்டும். சேற்றில் மாட்டினால் கயிறு கட்டி இழுக்க முன்னாலும் பின்னாலும் கொக்கி வேண்டும். மூன்று நாளில் முடியும் என்றுதான் நான் நினைத்தேன்.

இரண்டாம் நாள் பாத்திரம் கழுவிவிட்டு எட்டிப் பார்த்தபோது, வண்டிக்கு வெளியே அவர் கால்கள் மட்டும் நீட்டிக்கொண்டிருந்தன. என் மகள் அந்தக் கால்களுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். முகத்துக்குப் பயந்தவள் காலுக்குப் பயப்படவில்லை. ஒரு சிரட்டையில் மண்ணை அள்ளி அவருடைய முழங்கால் மேல் வைத்தாள். மண் சரிந்தது. மறுபடி வைத்தாள். அவர் கால் அசையவே இல்லை. சுத்தியல் சத்தம் நின்றிருந்தது. நான் கிட்டே போகாமல் திரும்பிவிட்டேன்.

அதற்குப் பிறகு வேலை முடியவே இல்லை. தகட்டைக் கழற்றினார், மாட்டினார். இன்னொரு போல்ட் வேண்டும் என்றார். கொக்கியை இடம் மாற்றினார். காலையில் சாப்பிட்டதும் அடியில் புகுவார், அவளும் தன் சிரட்டையோடு போய்விடுவாள். அவர் வெளியே வந்து முகத்தைக் காட்டினால் என்னிடம் ஓடி வருவாள். என் நாத்தனார் ஒரு நாள் வந்து பார்த்துவிட்டு, “தம்பி நிக்காஹ் பண்ணுனது உன்னையவா, இந்த வண்டியையவா?” என்று கேட்டுச் சிரித்தார். நானும் சிரித்தேன். உள்ளுக்குள் எனக்கும் கொஞ்சம் வருத்தம் இருந்தது. அவருடைய லீவில் என் பங்கும் அந்த வண்டிக்கு அடியில்தானே போய்க்கொண்டிருந்தது.

மலைக்குப் போக முடியவில்லை. எங்கள் ஊர் வழக்கம் தெரியாதவர்களுக்கு இது விளங்காது. சபரிலிருந்து வந்தவர் சொந்தக்காரர் ஒவ்வொருவர் வீட்டுக்கும் போய் சலாம் சொல்லி, சோப்போ செண்டோ தைலமோ கையில் கொடுத்து, வைக்கிற டீயைக் குடித்துவிட்டு வர வேண்டும். ஊரில் இல்லாத நாளில் நடந்த மௌத்துக்கெல்லாம் துக்கம் கேட்க வேண்டும். திரும்பிப் போவதற்கு முன் அதே வீடுகளுக்கு மறுபடி போய் ‘பயணம் சொல்ல’ வேண்டும். ஒரு வீடு விட்டுப்போனாலும் அடுத்த லீவு வரைக்கும் பேச்சிருக்கும். அந்தப் பேச்சைக் கேட்க வேண்டியவர்கள் மாமியும் நானும்தான்.

வண்டி உயர்ந்துவிட்டதால் மாமியால் ஏற முடியவில்லை. மூட்டு வலி. என் கணவர் ஓர் இரும்புப் படி செய்து பக்கவாட்டில் பற்றவைத்தார். படி வைத்த பிறகு மாமிக்கு வண்டி பிடித்துப்போனது. காலையில் எங்களுக்கு முன்னால் மாமிதான் வாசலில் தயாராக நிற்பார். பச்சைமலைக்கென்று உயர்த்திய வண்டி வாலிகண்டபுரம், பெரம்பலூர், அரியலூர் என்று சொந்தக்காரர் வாசல்களில் நின்றது. சோப்புப் பெட்டிகள் பின்னால் உருண்டுகொண்டே வந்தன. ஒவ்வொரு வீட்டிலும் ‘பெரிய வண்டிதான்’ என்றார்கள்.

கிளம்புகிற நாளன்று மதியம், மகள் பாயில் தூங்கிக்கொண்டிருந்தபோது, அவர் பக்கத்தில் முட்டிபோட்டு, கையை விரித்து, தலையிலிருந்து பாதம் வரை சாண் சாணாக அளந்தார். மாமி பார்த்துவிட்டார். “படுத்திருக்கிற புள்ளைய அளக்காதடா” என்றார். குரலில் கோபத்தைவிடப் பயம்தான் அதிகம். எங்களில் மௌத்தானவரைத்தான் படுத்த நிலையில் அளப்பார்கள், குழி வெட்டுவதற்காக. அவர் கையை எடுத்துக்கொண்டார். அதற்குள் அளந்து முடித்திருந்தார்.

அந்த அளவுதான் பிறகு டெலிபோனில் வந்தது.

வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகைக்குப் பிறகு அழைப்பார். நலம் விசாரித்து முடிந்ததும் பெரும்பாலும் வண்டிப் பேச்சுதான். அறையில் படுத்தபடி யோசித்து யோசித்து வைத்திருப்பார். பின்சீட்டைக் கழற்றிவிடு. இடது பக்கம் நீளமாக மரப் பெட்டி. அதற்குள் இழுப்பறை வேண்டாம், அதற்குச் செலவாகும். தக்காளி மண்டியில் பிளாஸ்டிக் பெட்டி கிடைக்கும், அந்த அளவுக்குத் தட்டு அடித்தால் பெட்டியே இழுப்பறை. சக்கர மேட்டுக்கு மேல் வீணாகக் கிடக்கிற இடத்தில் குழாய் வைத்த தண்ணீர் கேன். முன்சீட்டின் முதுகில் சாமான் சொருக ஏதாவது பை. பையை நான் செய்தேன். கூடை பின்னுகிற வயரில், டார்ச்சுக்கு ஒன்று, தட்டுக்கு ஒன்று, தீப்பெட்டிக்குக்கூட ஒன்று என்று பச்சையும் மஞ்சளுமாகப் பின்னி நாடாவால் கட்டினேன். அந்த வேலை எனக்குப் பிடித்திருந்தது. அவர் சொன்னதற்கு மேல் நானாக இரண்டு பை பின்னினேன். எடை கூடிவிடுமோ என்று பிறகு கவலைப்பட்டேன்.

வலது பக்கம் மகளுக்குப் படுக்கை. நான்கு பக்கமும் பலகை அடைத்து, தொட்டி மாதிரி. வண்டி குலுங்கினாலும் உருண்டு விழக்கூடாது. கால்மாட்டுப் பலகைக்கு அப்பால் பாத்திரங்கள் வைக்கிற அறை. அளவைச் சொன்னார். அவள் நீளம், அதோடு “வளர்ச்சிக்கு ஒரு சாண் கூட வச்சுக்க” என்றார். ரொம்பத் தாராளமாக விட்டுவிட்டதாக அவர் நினைத்தது குரலில் தெரிந்தது.

அவர் போய் அப்போது இரண்டரை வருடத்துக்கு மேலாகியிருந்தது. கம்பெனியில் லீவு தள்ளிப்போய்க்கொண்டே இருந்தது.

ஆசாரி பலகையை அறுக்கும் முன் டேப்பைப் பிடித்துப் பார்த்துவிட்டு, பக்கத்தில் நின்ற மகளைப் பார்த்தார். “ஏம்மா, புள்ளைய நிக்க வச்சுப் பாத்தீங்களா? அளவு பத்தாதுபோல இருக்கே” என்றார்.

நான் முதல் நாளே அவளை நிற்க வைத்துப் பார்த்திருந்தேன். அந்த ஒரு சாணையும் அவள் ஏறக்குறைய வளர்ந்து முடித்திருந்தாள். வெள்ளிக்கிழமை சொல்லிவிடலாம் என்று காத்திருந்தேன். ஆனால் டெலிபோனில் எப்படிச் சொல்வது? அளவு தப்பு என்றால், எவ்வளவு தப்பு என்று கேட்பார். நான் சொல்வேன். அந்த முனையில் அவர் கையை விரித்துப் பார்ப்பார். அவர் சொன்னதை நான் மாற்றலாமா என்றும் இருந்தது. அது அவர் யோசித்து யோசித்துக் கட்டியது. “அவங்க சொன்ன அளவே இருக்கட்டும்” என்று ஆசாரியிடம் சொன்னேன். அவர் தோளைக் குலுக்கிவிட்டு அறுத்தார். வேலை சுத்தமாக இருந்தது. மூலைகளில் கைபடும் இடத்தையெல்லாம் உருட்டிக் கொடுத்தார்.

இரண்டாவது லீவில் அவர் வந்தபோது மகளுக்கு ஐந்து வயது. இப்போது பயமில்லை, மரியாதை இருந்தது. சலாம் சொன்னாள், கேட்டதற்குப் பதில் சொன்னாள், முடிந்ததா என்பதுபோல என்னைப் பார்த்தாள். சிரட்டையும் கால்களும் அவளுக்கு நினைவில்லை. எனக்கு அது பயத்தைவிடக் கஷ்டமாக இருந்தது.

மறுநாள் காலை அவர் வண்டியின் பின்கதவைத் திறந்தார். ஒவ்வொரு பிளாஸ்டிக் பெட்டியாக இழுத்துத் தள்ளிப் பார்த்தார். வயர் பைகளைத் தொட்டுப் பார்த்து, தீப்பெட்டிப் பையில் விரலை விட்டுச் சிரித்தார். பிறகு மகளைப் படுக்கையில் படுக்கச் சொன்னார்.

அவள் ஏறிப் படுத்தாள். தலை ஒரு பலகையில் இடித்தது. பாதம் இன்னொரு பலகையில் இடித்தது. கொஞ்சம் நெளிந்து பார்த்தாள். அவர் முகம் மாறுவதைக் கண்டாளோ என்னவோ, “பரவால்ல அத்தா, நான் மடக்கிக்கிறேன்” என்று முழங்காலை மடக்கிக்கொண்டாள்.

“ஒரு சாண் கூட வச்சேனே” என்றார். என்னிடம் சொல்லவில்லை. பலகையைப் பார்த்துச் சொன்னார். நான் அளந்து பார்க்கவில்லையா என்று கேட்பார் என்று காத்திருந்தேன். கேட்கவில்லை. கேட்காததால்தான் அவருக்குப் புரிந்துவிட்டது என்று தெரிந்தது.

கொஞ்ச நேரம் கழித்து மரம் அறுக்கிற வாள் ஒன்றை இரவல் வாங்கி வந்தார். கால்மாட்டுப் பலகையில், அவள் பாதம் இரண்டும் நுழைகிற அகலத்துக்குக் கோடு போட்டார். அப்பால் இருக்கிற பாத்திர அறைக்குள் காலை நீட்டிக்கொள்ளலாம். பாத்திரத்துக்கு வேறு இடம் பார்த்துக்கொள்ளலாம். பலகை ஆடாமல் இருக்க அந்தப் பக்கம் மகளைப் பிடிக்கச் சொன்னார். அவர் அறுக்க அறுக்க அவள் பேசினாள். பள்ளிக்கூடத்தில் பக்கத்தில் உட்கார்கிற பெண், வாய்ப்பாடு, குரங்கு வந்து யாருடைய டிபன் பாக்ஸையோ தூக்கிப் போனது. அவர் ‘உம்’, ‘உம்’ என்றார். இருவர் தலையிலும் மரத்தூள். அரை மணியில் முடிகிற வேலை மதியச் சோற்று வேளை வரைக்கும் போனது. அவ்வளவு நேரமும் அவள் என்னை ஒருமுறைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை.

அன்று மாலை அஸர் தொழுகைக்குப் பிறகு முதல் விருந்தாளி வந்துவிட்டார். அதிலிருந்து வீடு வீடாகப் போகிற வேலை தொடங்கியது. மகளுக்குப் பள்ளிக்கூடமும் இருந்தது. நடுவில் ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமை கிடைத்தது.

அரும்பாவூரைத் தாண்டி, மரவள்ளிக் காடுகளுக்கு நடுவே அந்தக் கல் தடத்தில் ஏறினோம். அடித்தகட்டில் கல் உரசுகிற சத்தம் கேட்கும்போதெல்லாம் நான் கண்ணை மூடிக்கொண்டேன். அவர் சந்தோஷமாக இருந்தார். ஓடையில் முழங்கால் அளவு தண்ணீர். இறங்கிப் பார்த்துவிட்டு, நிதானமாக ஓட்டினார். வண்டி தயங்கி, ஒருமுறை வழுக்கி, எதிர்க்கரை ஏறிவிட்டது. அவ்வளவுதான். எத்தனையோ நாள் செய்த வேலைக்கு வந்த சோதனை சில நிமிஷத்தில் முடிந்துவிட்டது. பின்கதவைத் திறந்து, ஸ்டவ்வை இறக்கி, டீ போட்டேன். அவர் வெளியே உட்கார்ந்து குடித்தார். மகள் படுக்கையில் படுத்து, ஓட்டைக்குள் காலை நீட்டி, அந்தப் பக்கத்திலிருந்து விரலை ஆட்டிக் காட்டினாள்.

வெயில் சாய்ந்தபோது கேட்டாள்: “அத்தா, இங்கயே தூங்கலாமா?”

அவர் என்னைப் பார்த்தார். எங்களிடம் பாய் இருந்தது, தண்ணீர் இருந்தது, அரிசிகூட இருந்தது. மறுநாள் காலை பெரம்பலூரில் இரண்டு வீடு, அதில் ஒன்று மௌத் வீடு. மாமி பொழுது சாய்வதற்குள் வரச் சொல்லியிருந்தார். நாங்கள் வரும்வரை அவர் வாசலை விட்டு உள்ளே போகமாட்டார். நானே முதலில் பாத்திரங்களை எடுத்துவைக்க ஆரம்பித்தேன். “அடுத்த லீவுல இன்ஷா அல்லாஹ்” என்று அவர் மகளிடம் சொன்னார். அவள் அழவில்லை. எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்கு அந்த வார்த்தை சின்னதிலிருந்தே பழக்கம்.

இப்போது அடுத்த லீவு வரப்போகிறது. மகளுக்கு ஏழு வயது. இந்த முறை நான் அளவு எடுத்து, கேட்காமலே டெலிபோனில் சொன்னேன். அளவைத் திருப்பிச் சொல்லிப் பார்த்தார். பிறகு, “அப்ப கால்மாட்டுப் பலகையவே எடுத்துரு” என்றார். எடுத்துவிட்டேன். பாத்திர அறை முழுவதும் அவளுக்குப் போய்விட்டது. பாத்திரங்களை மேல் கேரியரில் தகரப் பெட்டிக்கு மாற்றினேன். டயர் நான்கும் நன்றாக இருக்கின்றன. வாரம் ஒருமுறை என் கொழுந்தனார் வண்டியைக் கிளப்பி வைக்கிறார்.

அவரைக் கூப்பிடத் திருச்சி ஏர்போர்ட்டுக்கு இதே வண்டிதான் போகும். சில நாட்களாக என் மனதில் ஒரு யோசனை. யாரிடமும் சொல்லவில்லை, அவரிடமும் சொல்லவில்லை. அங்கிருந்து வீட்டுக்கு வராமல் நேராக அரும்பாவூர்ப் பக்கம் போய்விட்டால் என்ன? ஒரே ஒரு ராத்திரி. வண்டியை ஓட்டி வருகிற கொழுந்தனாரைப் பெரம்பலூரில் பஸ் ஏற்றிவிடலாம். என் கணவர் கொண்டுவரும் பெட்டிகள் இரண்டும் படுக்கைக்குக் கீழே அடங்கும், அதையும் அளந்து பார்த்துவிட்டேன். வீட்டுக்குள் கால் வைத்துவிட்டால் அந்த லீவு எங்களுடையது இல்லை. அதற்கு முன்னால் ஒரு நாளை எடுத்துக்கொள்வது திருட்டா?

ஆனால் மாமி இருக்கிறார். அவருக்கும் இவர் மகன்தானே. கண் முன்புபோல் இல்லை, ஏர்போர்ட்டுக்கு வருவதற்கு உடம்பு இடம் கொடுக்காது. பிளேன் இறங்குகிற நேரத்தைக் கேட்டுக்கொண்டு வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிடுவார். உண்மையைச் சொல்லிக் கேட்டால் ‘போயிட்டு வாங்க’ என்றுகூடச் சொல்வார். சொல்லிவிட்டு அந்த ராத்திரி சாப்பிட மாட்டார். அவரையும் கூட்டிக்கொண்டு போகலாமா என்றால், கல் தடத்தில் அந்தக் குலுக்கலை அவருடைய மூட்டு தாங்காது. சும்மா இருந்துவிட்டால், அடுத்த முறை மகளுக்கு ஒன்பது வயதாகிவிடும். அந்த வயதில் அவளே வண்டியில் தூங்கக் கேட்பாளா என்று எனக்குத் தெரியவில்லை.

இதைப் படிக்கிறவர்களில் சபர்க்காரர் வீட்டுப் பெண்கள் இருந்தால், லீவில் உங்களுக்கென்று ஒரு நாளை எப்படி ஒதுக்கினீர்கள், யாரிடம் என்ன சொன்னீர்கள் என்று எழுதுங்கள். மாமியார்களும் எழுதுங்கள். உங்கள் மகன் ஒரு நாள் பிந்தி வந்தால் உங்களால் பொறுக்க முடியுமா? முடியும் என்றால், அதை மருமகள் உங்களிடம் முன்பே கேட்க வேண்டுமா, அல்லது மறுநாள் வந்து மன்னிப்புக் கேட்டால் போதுமா?